ஜுக்ராவில் கூடிய நீதிமன்றம்



கேரித் தீவுத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஜுக்ராக் குன்று புதியதன்று. லங்காட் ஆற்றுக்கு அக்கரையில், தாழ்ந்த கடலோர நிலத்தின் நடுவே அது தனியாக எழுந்து நிற்கிறது. கித்தாத் தோட்டக் காலத்திலும் அது அங்கேதான் நின்றது. செம்பனை வந்த பிறகும் அங்கேதான் நிற்கிறது. ஆனால் அந்தக் குன்றின் அடிவாரத்தில் நம்முடைய வாழ்க்கையோடு தொடர்புடைய ஒரு கதை இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இன்று அந்தக் கதையைத் தேடி நாம் அங்கே போய் வருவோம்.

வழி எளியது. தீவின் பாலத்தைக் கடந்தால் தெலுக் பங்லிமா காராங். அங்கிருந்து ஜெஞ்சாரோம், பிறகு பந்திங். பந்திங்கிலிருந்து கடலை நோக்கித் திரும்பிச் சிறிது தூரம் போனால் ஜுக்ரா வந்துவிடும். இன்று அது அமைதியான மலாய்க் கிராமம். தென்னையும் வாழையும் சூழ்ந்த வீடுகள், அகலமில்லாத சாலை. ஒரு காலத்தில் சிலாங்கூரின் அரச நகரமாக இருந்த ஊர் இது என்று சொன்னால் நம்புவது கடினம்.

ஆனால் பழைய அடையாளங்கள் அழியவில்லை. 1857ஆம் ஆண்டு முதல் 1898ஆம் ஆண்டு வரை சிலாங்கூரை ஆண்ட சுல்தான் அப்துல் சமாட்டின் சமாதி இங்கே இருக்கிறது. அவருடைய பேரன் சுல்தான் அலாவுடின் சுலைமான் ஷாவின் பெயரோடு விளங்கும் பள்ளிவாசலும், அவர் வாழ்ந்த பண்டார் அரண்மனையும் இருக்கின்றன. இவற்றோடு பழைய காவல் நிலையமும் சிறையுமாக விளங்கிய கட்டடம் ஒன்றும் நிற்கிறது. 1875ஆம் ஆண்டில் எழுந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்த்துப் பின்னாளில் அரும்பொருளகமாக்கினார்கள்.

தடித்த சுவர்களையுடைய அத்தகைய கட்டடத்தின் முன் நிற்கும்போது பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: “இங்கே யாரைப் பிடித்து அடைத்தார்கள்? அவர்களை விசாரித்தது யார்?” நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, நாம் அந்தக் கட்டடம் எழுவதற்கும் முன்னே போக வேண்டும். ஏனென்றால் கட்டடம் வருவதற்கு ஓராண்டு முன்பே ஜுக்ராவில் ஒரு நீதிமன்றம் கூடிவிட்டது.

1873ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஜுக்ராவுக்கு அருகே ஒரு வணிகப் படகைக் கடற்கொள்ளையர் தாக்கினார்கள். படகில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் சிலாங்கூரில் உள்நாட்டுப் போர் நடந்து ஓய்ந்திருந்தது. கிள்ளான் ஆற்றின் வாயிலும் ஈயச் சுரங்கங்களின் வருமானமும் யாருக்கு என்பதுதான் சண்டை. கடலில் வணிகம் தடைப்படுவதைக் கண்டு மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் வணிகர்கள் ஆங்கில அரசிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதே வேளையில் நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னராகச் சர் ஆண்ட்ரு கிளார்க் வந்து சேர்ந்தார். 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் பேராக் தலைவர்களோடு பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மலாய் மாநிலங்களில் ஆங்கிலேயர் கால் ஊன்றியது அன்றுதான். அடுத்த மாதமே கவர்னர் போர்க்கப்பல்களோடு சிலாங்கூர்க் கடற்கரைக்கு வந்தார். கொள்ளை நடந்ததற்குச் சுல்தான் என்ன செய்யப்போகிறார் என்பதே அவர் கேள்வி.

ஜுக்ராவில் நீதிமன்றம் கூடியது. பிடிபட்டவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். ஆங்கிலேய அரசின் சார்பில் வந்தவர்களும் விசாரணையில் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை விரைவாகவே முடிந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாக அறிவித்து மரண தண்டனை விதித்தார்கள். தண்டனையை நிறைவேற்றச் சுல்தான் தம் கிரிஸ் கத்தியைக் கொடுத்தனுப்பினார். கவர்னருக்கு மனநிறைவு. அவ்வாண்டிலேயே பிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற இளம் அதிகாரி லங்காட்டில் சுல்தானுக்கு அருகே தங்க அனுப்பப்பட்டார். சிலாங்கூரில் ஆங்கிலேய நிர்வாகம் இப்படித்தான் தொடங்கியது.

கதை இதோடு முடிந்திருந்தால் நாம் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை. அதே சுவெட்டன்ஹாம் பின்னாளில் சிலாங்கூரின் ரெசிடெண்டாகவும், அதன் பிறகு கவர்னராகவும் உயர்ந்தார். முதுமையில் எழுதிய தம் நினைவுகளில் இந்த வழக்கைப் பற்றியும் குறிப்பிட்டார். கொள்ளை நடந்தது உண்மை, ஆனால் தண்டிக்கப்பட்டவர்கள் அதைச் செய்தவர்கள் அல்லர் என்று தாம் பிற்காலத்தில் அறிந்ததாக எழுதினார்.

நேயர்களே, இதைக் கேட்கும்போது நமக்கு யார் நினைவு வருகிறது? கோவலன் அல்லவா? பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை நம்பிப் பாண்டியன் ஆராயாமல் கட்டளையிட்டான். உயிர் போன பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அந்தக் கதையைத் திருவிழாக் கூத்திலும் திரைப்படத்திலும் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் நாம். மதுரையில் அரசனின் அவசரம் கோவலனைக் கொன்றது. ஜுக்ராவிலோ ஆற்று வாயில் போர்க்கப்பல்கள் நின்றன. யாரையாவது தண்டித்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. அப்படிப்பட்ட வேளையில் குற்றம் சாட்டப்பட்டவனின் குரலை யார் பொறுமையாகக் கேட்பார்கள்?

இனி நாம் ஆற்றைக் கடந்து, நம் தீவுக்கே திரும்புவோம்.

தொடக்கத்தில் இந்தத் தீவில் வாழ்ந்தவர்கள் மா மெரி பழங்குடி மக்கள். மரத்தில் முகமூடி செதுக்கும் கலையில் இன்றும் பெயர் பெற்றவர்கள் அவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரி என்ற ஆங்கிலத் தோட்டத்துரை இங்கே தோட்டம் திறந்தார். அவர் பெயரே தீவுக்கு நிலைத்தது. சதுப்பு நிலத்தில் வரப்புக் கட்டி, வடிகால் வெட்டி, கன்று நட்டுத் தோட்டமாக்கிய கைகளில் நம் முன்னோர்களின் கைகள் பல.

அவர்கள் கப்பல் ஏறி வந்த காலத்தில் சட்டம் எப்படி இருந்தது? ஒப்பந்தக் கூலியாக வந்தவன் ஒப்பந்தக் காலம் முடியும் முன் தோட்டத்தை விட்டுப் போனால் அது கடன் தகராறாகக் கருதப்படவில்லை, குற்றமாகவே கருதப்பட்டது. அவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி அபராதமோ சிறையோ விதிக்கலாம். கூலியைக் குறைத்த முதலாளிக்கு அப்படிச் சிறை காத்திருக்கவில்லை. ஒரே ஒப்பந்தத்தில் இருவர் கையெழுத்து. ஆனால் மீறினால் ஒருவனுக்கு மட்டும் விலங்கு!

மாஜிஸ்திரேட் பேசுவது ஆங்கிலம். நிற்பவனுக்குத் தெரிந்தது தமிழ். இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும், துரையையும் கிராணியையும் எதிர்த்துச் சாட்சி சொல்ல அதே லயத்தில் குடியிருக்கும் எவன் துணிவான்? சாட்சி சொல்லிவிட்டு மறுநாள் காலையில் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டியவன்தானே அவனும்!

ஒப்பந்தக் கூலிமுறையில் ஆள் சேர்ப்பது 1910ஆம் ஆண்டோடு நின்றது. பிறகு கங்காணி வழி வந்தவர்கள் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்று சட்டம் சொன்னது. தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் விதிகள் 1920-களில் நீங்கின. ஆனால் சட்டம் மாறிய செய்தி லயத்துக்குள் வந்து சேர வேண்டுமே! எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு உரிமை எழுதப்பட்டிருந்தும் பயன் என்ன?

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் விழித்துக்கொண்டன. ஆர். எச். நாதன் என்ற பத்திரிகையாளரும் அவருடைய தோழர்களும் தொழிலாளர்களை ஒன்று திரட்டினார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, நல்ல மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவையும் கோரிக்கைகளில் இருந்தன. அவற்றுள் ஒன்றை நம் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். துரை எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பதுதான் அது! காசு பணம் சேராத கோரிக்கை. ஆனால் மனிதனாக நிமிர்ந்து நிற்கக் கேட்ட கோரிக்கை.

மே மாதம் 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். திறந்த நீதிமன்றத்தில் அவர் தம் வழக்கைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவரை விடுவிக்கக் கோரித் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

1874ஆம் ஆண்டில் நீதிமன்றம் இருந்தது, பொறுமை இல்லை. 1941ஆம் ஆண்டில் நீதிமன்றத்தின் படியை ஏறவே வழி இல்லை. இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்று நம் கையில் இருப்பதன் அருமை புரியும்.

இன்று என்ன இருக்கிறது? 1957ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றபோது நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 5ஆம் பிரிவைப் பாருங்கள். கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம். பொதுவாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும். ஜுக்ராவில் தண்டிக்கப்பட்டவர்களுக்கு இவற்றுள் எதுவும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

தொழிலாளருக்கோ 1954ஆம் ஆண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வந்தது. கூலிப் பாக்கி இருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். அங்கேயே விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல அதிகாரம் உண்டு. 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி, காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் மீண்டும் வேலை கேட்டு முறையிடலாம்; பேச்சில் தீராவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நீக்கப்பட்ட 60 நாளுக்குள் முறையிட்டாக வேண்டும். “தீபாவளி கழியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று இருந்துவிட்டு, 61ஆம் நாள் போய் நின்றால் கதவு மூடியிருக்கும்.

மறுபடியும் சிலப்பதிகாரத்துக்கு வருவோம். கண்ணகி அரசவையில் வெறும் கண்ணீரோடு போய் நிற்கவில்லை. கையில் ஒரு சிலம்பு இருந்தது. அதை உடைத்துக் காட்டியபோது சிதறிய மாணிக்கம்தான் வழக்கை வென்றது. நமக்கும் ஒரு சிலம்பு வேண்டும். சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், சேமநிதிக் கணக்கு, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, இவையே நம் சிலம்பு. இவற்றை ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பம் பாதி வழக்கை வென்றுவிட்ட குடும்பம். தோட்டம் கைமாறும்போதும், லயத்தைக் காலி செய்யச் சொல்லும்போதும், “நாங்கள் இங்கே நாற்பது வருஷம் இருந்தோம்” என்று வாயால் சொல்வது போதாது. எடுத்துக் காட்ட ஒரு தாள் வேண்டும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஜுக்ராவுக்கு அழைத்துப் போங்கள். சமாதியைக் காட்டுங்கள், அரண்மனையைக் காட்டுங்கள், அந்தப் பழைய சிறைச் சுவரையும் காட்டுங்கள். இந்த ஊரில் ஒரு நாள் குற்றமற்றவர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்ற செய்தியையும் சொல்லுங்கள். கேட்ட பிள்ளை, “அவர்களுக்காகப் பேச யாரும் இல்லையா?” என்று கேட்கும்.

அந்தப் பிள்ளை வளர்ந்து நாளை வழக்கறிஞராகலாம், மொழிபெயர்ப்பாளராகலாம், சங்கச் செயலாளராகலாம். எதுவும் ஆகாவிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு விண்ணப்பத்தை வாசித்துச் சொல்லும் பிள்ளையாக ஆகலாம். அதுவும் நீதிக்குச் செய்யும் தொண்டுதான்.

வீடு திரும்பியதும், அந்தத் தகரப் பெட்டியை ஒரு முறை திறந்து பாருங்கள்.