நெடுநல்வாடையில் புலனுணர்வும் வரலாற்றுச் சான்றும்

சங்கப் பாடல்களை வரலாற்று நோக்கில் அணுகுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார் பாடலிற் கண்ட அனைத்தையும் நிகழ்ந்தவாறே கொள்வர்; மற்றொரு சாரார் அவை புலவர்தம் புனைவு என்று ஒதுக்குவர். பாடலின் எல்லாச் செய்திகளுக்கும் ஒரே மதிப்பு உண்டெனக் கருதுவதே இவ்விரு கொள்கைக்கும் அடிப்படை. வருணனையில் அமையும் புலனுணர்வுச் செய்திகளை வகைப்படுத்தி நோக்கின், எவை சான்றாகும், எவை ஆகா என்று ஓரளவு துணியலாம். இதனை நெடுநல்வாடை கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புலன்களை வகுத்து நோக்கும் முறை தமிழில் பழமையானது. தொல்காப்பிய மரபியல் ஊறு, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி, மனம் என்னும் முறையில் அறிவை ஆறாக அடுக்கி, உயிர்களை அதற்கேற்பப் பகுத்துள்ளது. அவ்வரிசையில் முதலில் நிற்பது ஊறு. நக்கீரர் 188 அடிகளில் பாடிய நெடுநல்வாடையின் தொடக்கத்தில் மேலோங்கி நிற்பதும் ஊற்றுணர்வே.

குளிர் கடுமையானது என்று கூறி நக்கீரர் அமையவில்லை. கொள்ளி ஏந்திய கோவலர் தீக்காய்ந்தும் நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. பறவைகள் இருந்த இடத்தினின்று வீழ்கின்றன. கறவைகள் பால் உண்ண வரும் கன்றை உதைக்கின்றன.

பின்னர்ப் பாடல் நகரினுள் புகுகின்றது. வானம் மூடிக் கிடத்தலின் பொழுது கண்ணுக்குப் புலனாகவில்லை. மகளிர் பிச்சியின் அரும்பு விரிந்து மணப்பது கொண்டு மாலை வந்ததை அறிந்து, இரும்பினாற் செய்த விளக்கை ஏற்றுகின்றனர். கண்ணின் தொழிலை மூக்கு ஏற்கின்றது. வேனிலில் வீசிய விசிறி சிலந்தி நூல் படிந்து தொங்குகின்றது. குறுகிய வாயுடைய கலத்துத் தண்ணீரை விரும்புவார் இல்லை. அகன்ற வாயுடைய தடவில் இட்ட நெருப்பையே நாடுகின்றனர். வடவர் தந்த வெண்ணிற வட்டக்கல், தென்புலத்துச் சந்தனத்தோடு பயனின்றிக் கிடக்கின்றது.

ஈண்டு ஒரு தடை எழலாம். கூதிரும் யாமமும் குறிஞ்சிக்குரிய பொழுதுகள். வாடை பிரிவுத் துயரை மிகுவித்தலும் பாடல் மரபு. ஆகவே, இவ்வருணனை முழுதும் மரபேயன்றோ என்பர். குளிர் மரபென்பது உண்மை. அதனைக் கொண்டு ஓர் ஆண்டின் வானிலையைத் துணிதல் இயலாது. ஆயின், விளக்கு இரும்பினதாக இருத்தல் வேண்டும் என்றோ, சந்தனக்கல் வடவர் தந்ததாக இருத்தல் வேண்டும் என்றோ எந்த மரபும் விதிக்கவில்லை. புலவர் வாணிகத்தைப் பாட எண்ணினாரல்லர்; குளிரைப் பாடினார். பயன்படாது கிடக்கும் கல்லால் கேட்போர்க்குக் குளிரை உணர்த்த வேண்டுமாயின், அக்கல்லையும் அதன் பயனையும் அவர்கள் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். ஒரு குறிப்பிட்ட அரண்மனையில் அக்கல் இருந்தது என்பதற்கு இது சான்றாகாது. அத்தகைய பொருள் அக்கால நகர வாழ்வில் அறிமுகமாகியிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

பட்டினப்பாலையின் நிலை வேறு. புகாரின் வளத்தைப் புகழ்வதற்கென்றே குதிரை, கரிய மிளகு மூட்டை, மணி, பொன், முத்து, பவளம் முதலியன அடுக்கப்பெற்றன. புகழ்ச்சியையே நோக்கமாக உடைய செய்திக்குப் புறச்சான்று தேவை. எகிப்தின் செங்கடற்கரையில் பெரெனிகே என்னுமிடத்தில் 1994இல் தொடங்கிய அகழாய்வில், இந்தியக் கலம் ஒன்றினுள் ஏறத்தாழ 7.5 கிலோகிராம் மிளகு கிடைத்தது. இது மிளகு வாணிகத்தின் பெருக்கத்தைக் காட்டும். புகார்த் துறையில் குவிந்த மூட்டைகளை நேரே நிறுவாது. இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

காப்பியங்கட்கு இன்னும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கி. பி. 12ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தண்டியலங்காரம், பெருங்காப்பியம் மலை, கடல், நாடு, நகர், பருவம், ஞாயிறு திங்களின் தோற்றம் முதலியவற்றை வருணித்தல் வேண்டும் என வகுத்தது. வருணனை இலக்கணக் கடமையான பின்னர், அது இடம்பெற்றிருத்தல் ஒன்றே சான்றாக அமையாது.

எனவே, ஆய்வாளர் ஒவ்வொரு புலனுணர்வுச் செய்தியிடத்தும் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று: இதனை மரபு வேண்டிற்றா? புகழ்ச்சி வேண்டிற்றா? கேட்போர் முன்னரே அறிந்திருந்தாலன்றி இது பயன்படாதா? முதலிரண்டிற்கும் இல்லை எனவும், மூன்றாவதற்கு ஆம் எனவும் விடை வருமாயின், புலவர் எண்ணாமலே நமக்கு விட்டுச் சென்ற சான்று அது எனக் கொள்ளலாம்.