ஆலென் என்னும் நடிகரும் அவர் காத்துவைத்த காகிதங்களும்

ஒரு குடும்பத்தின் வரலாறாயினும் ஒரு குலத்தின் வரலாறாயினும் அது இரண்டு வழிகளில் நமக்கு வந்து சேர்கின்றது. ஒன்று முன்னோர் வாய்மொழி. மற்றொன்று அவர்கள் எழுதிவைத்த ஏடும் கணக்கும் கடிதமும். வாய்மொழி இனியது, ஆயினும் தலைமுறைதோறும் சிறிது கூடியும் சிறிது குறைந்தும் வரும் இயல்பினது. எழுத்தோ பெரும்பாலும் சுவையற்றதாகத் தோன்றும். இன்னாருக்கு இத்தனை பணம் கொடுத்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இராது. எனினும், பல தலைமுறை கழிந்தபின் உண்மை இதுவென்று நிலைநிறுத்துவது அச்சுவையற்ற எழுத்தேயாம். இதற்கு இங்கிலாந்து தேசத்து நடிகர் ஒருவருடைய சரித்திரம் தக்கதோர் சான்றாக இருத்தலின், அதனை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

அந்நடிகர் பெயர் எட்வர்டு ஆலென். அவர் 1566-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 1-ஆம் தேதி லண்டன் நகரத்து பிஷப்ஸ்கேட் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் விடுதி நடத்தியவர்; அவர் 1570-இல் காலமாகிவிட்டார். ஆலென் சிறுவராயிருந்தபொழுது, அதாவது 1572-இல், அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. பிரபுக்கள் எவருடைய ஆதரவும் பெறாது ஊர் ஊராய்ச் சென்று நடிக்கும் கூத்தரை, தொழிலின்றித் திரியும் நாடோடிகளோடும் போக்கிரிகளோடும் ஒருங்கு வைத்து எண்ணித் தண்டிக்க அச்சட்டம் இடந்தந்தது. நடிப்புத் தொழில் அக்காலத்து எவ்வளவு இழிவாக மதிக்கப்பட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. அத்தொழிலிலேதான் ஆலென் இளமையிற் புகுந்தார். 1583-இல் உஸ்டர் பிரபுவின் நாடகக் குழுவினருள் அவர் பெயர் காணப்படுகின்றது.

நெடிய உருவமும் முழங்கும் குரலும் உடையவரென்று புகழ்பெற்ற ஆலென், கிறிஸ்டபர் மார்லோ என்னும் கவிஞர் இயற்றிய நாடகங்களில் டாம்பர்லேன், டாக்டர் பாஸ்டஸ், மால்ட்டா தீவின் யூதனான பராபஸ் ஆகிய தலைமை வேடங்களைத் தாங்கி நகரத்தையே தம்பால் ஈர்த்தார். தேம்ஸ் நதியின் தென்கரையில் 1587-இல் பிலிப் ஹென்ஸ்லோ என்பவர் ‘ரோஸ்’ என்னும் நாடகசாலையைக் கட்டியிருந்தார். அவருடைய மனைவியின் முதற் கணவருக்குப் பிறந்த பெண்ணாகிய ஜோன் உட்வர்டு என்பவரை ஆலென் 1592-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ஆம் தேதி மணந்தார். அன்று முதல் மாமனாரும் மருமகனாருமாக நாடகத் தொழிலை நடத்தலாயினர். ஒருவர் மேடையை ஆண்டார். மற்றவர் பணப்பெட்டியை ஆண்டார்.

நாடகத்தைப் பயிற்றி அரங்கேற்றுவதற்கென்று தனியே ஒருவரை நியமிக்கும் வழக்கம் அக்காலத்து ஆங்கில மேடையில் இல்லை. நம் நாட்டு நாடகக் கம்பெனிகளில் ‘வாத்தியார்’ செய்துவந்த வேலையை, அங்கே குழுவின் முதன்மையான நடிகர்களே பகிர்ந்து செய்தனர். அது நடைபெற்ற முறையை நாம் அறிவதற்கு இரண்டு காகிதங்கள் உதவுகின்றன. முதலாவது, ராபர்ட் கிரீன் இயற்றிய ஆர்லாண்டோ என்னும் வீரனைப்பற்றிய நாடகத்தில் ஆலெனுக்கு உரிய பாடம். நாடகம் முழுவதையும் ஒவ்வொரு நடிகருக்கும் எழுதிக்கொடுப்பது செலவு மிகுந்த காரியம். ஆகவே, அவரவர் பேசவேண்டிய பேச்சும், அதற்கு முன் பிறர் பேசி முடிக்கும் கடைசிச் சில சொற்களும் மட்டுமே எழுதப்பட்டன. அக்காகிதங்களை ஒன்றன்கீழ் ஒன்றாய் ஒட்டி நீண்ட சுருளாக்கி நடிகர் கையில் கொடுத்தனர். அக்காலத்து ஆங்கில நாடகசாலைகளில் வழங்கிய இத்தகைய சுருள்களில் இன்றளவும் எஞ்சியிருப்பது ஆலெனுடையது ஒன்றேயாம். இரண்டாவது, ‘ஏழு கொடும் பாவங்கள்’ என்னும் நாடகத்தின் இரண்டாம் பாகத்துக்குரிய காட்சிக் குறிப்பு. எந்தக் காட்சியில் எவர் எந்த வேடத்தில் மேடைக்கு வரவேண்டும் என்பது அதில் வரிசையாக எழுதப்பட்டுள்ளது. அட்டையில் ஒட்டி, ஆணியில் மாட்டுதற்குத் துளையிட்டு, வேடம் புனையும் அறையில் தொங்கவிட்டிருந்தனர். எவ்வளவு ஒழுங்கோடு அத்தொழில் நடைபெற்றது என்பது இவற்றால் விளங்கும்.

ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகமோ இவற்றினும் பெரிய செல்வம். அது முதலில் அவர் சகோதரர் இரும்புத் தாதுத் தொழிலுக்குக் கணக்கெழுதிய புத்தகம். மீந்த வெற்றேடுகளை வீணாக்க மனமில்லாத ஹென்ஸ்லோ, புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி 1592 முதல் தம் நாடகசாலைக் கணக்கை எழுதினார். எந்த நாளில் எந்த நாடகம் நடந்தது, தம் பங்குக்கு எவ்வளவு கிடைத்தது, எந்த ஆசிரியருக்கு எத்தனை பவுன் கொடுத்தது, எவர் எவர் கடன் வாங்கினர் என்பனவெல்லாம் அதில் உள்ளன. தாமஸ் டெக்கர் என்னும் நாடகாசிரியர் 1598-இல் சிறையிலடைபட்டபோது அவரை விடுவிக்க 40 ஷில்லிங் கொடுத்த செய்தியும் உண்டு. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 26-ஆம் தேதி ஹென்ஸ்லோ தம் மருமகனாருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தம் குழுவைச் சேர்ந்த கேப்ரியல் என்பவர் சண்டையில் கொல்லப்பட்டதை மிக்க வருத்தத்தோடு தெரிவிக்கின்றார். கொன்றவர் பெரும்புலவராகிய பென் ஜான்சன். ஆனால் ஹென்ஸ்லோ அவரைப் புலவரென்று குறிக்கவில்லை. செங்கல் அடுக்கும் கொத்தரென்று குறிக்கின்றார். ஜான்சனுடைய மாற்றாந்தந்தை அத்தொழிலர். கோபம் வந்தவிடத்து ஒருவர் கற்ற கல்வி மறைந்து, குடும்பத் தொழிலே வசையாக வெளிப்படுவதை நோக்குமின்! இவ்வழக்கம் நம் தேசத்துக்கு மாத்திரம் உரியதன்று.

1593-இல் லண்டனில் கொள்ளைநோய் பரவியது. நாடகசாலைகள் மூடப்பட்டமையால் ஆலென் வெளியூர்களுக்கு நடிக்கச் சென்றார். அங்கிருந்து மனைவியார்க்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் உளது. வீட்டைத் தூய்மையாக வைத்துக்கொள்ளவும், மாலைதோறும் வாயிலில் நீர் தெளிக்கவும், சாளரங்களில் மருந்துப்பூண்டுகளை வைக்கவும் அவர் கூறுகின்றார். தம் காலுறைகளுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிவைக்கவும், தோட்டத்துப் பாத்தியில் கீரை விதைக்கவும் நினைவூட்டுகின்றார். மேடையில் உலகையே நடுங்கச்செய்த வீரன் வேடம் புனைந்தவர், வீட்டுக் கீரைப்பாத்தியை மறந்தாரில்லை. இக்கடிதத்தை அன்று எவரேனும் அடுப்பிலிட்டிருப்பின், அவரை இங்ஙனம் ஒரு குடும்பஸ்தராக நாம் அறிந்திருக்க மாட்டோம்.

1600-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ஆம் தேதி ‘பார்ச்சூன்’ என்னும் புதிய நாடகசாலை கட்டுதற்கு பீட்டர் ஸ்டிரீட் என்னும் தச்சரோடு 440 பவுனுக்கு உடன்படிக்கை எழுதப்பட்டது. வெளிப்புறம் பக்கம் ஒன்றுக்கு 80 அடி, உள்முற்றம் 55 அடி, மேடையின் அகலம் 43 அடி என்று அளவுகள் அதில் தெளிவாக உள்ளன. நாடகத்தொழிலால் ஈட்டிய பொருளைக்கொண்டும், கரடி எருது முதலியவற்றின் விளையாட்டுக்களை நடத்தும் அரசாங்க உத்தியோகத்தை 1604-இல் மாமனாரோடு பெற்று அதனாலடைந்த வருவாயைக்கொண்டும், ஆலென் 1605-இல் லண்டனுக்குத் தெற்கேயுள்ள டல்லிச் என்னும் கிராமத்தின் மிராசுரிமையை வாங்கினார். நாடோடியென்று சட்டம் இகழ்ந்த தொழிலிற் புகுந்தவர் கிராமத்துக்கு அதிபதியானார்.

மக்கட்பேறு இல்லாத ஆலென் தம் செல்வத்தைத் தருமத்துக்கு ஆக்கினார். ஏழை முதியவர் ஆடவர் 6 பேர், பெண்டிர் 6 பேர், ஏழைச் சிறுவர் 12 பேர் ஆகியோரைப் போற்றிக் கற்பிக்கும் பொருட்டு அவர் ஏற்படுத்திய ஸ்தாபனத்துக்கு, ‘கடவுள் கொடையின் கலாசாலை’ என்று பெயர். இதற்கு அரசாங்க அனுமதி எளிதிற் கிட்டவில்லை. நியாயாதிபதியாயிருந்த பிரான்சிஸ் பேக்கன் பெருமகனார், அன்னசாலைகள் மிகுதியாகவும் உயர்கல்விக்குரிய அறங்கள் குறைவாகவும் உள்ளன என்று கருதித் தடை கூறினார். ஆலென் சலியாது முயன்று 1619-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21-ஆம் தேதி அரசரது சாஸனத்தைப் பெற்றார். 1621-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் தேதி இரவில் பார்ச்சூன் நாடகசாலை ஆடைகளோடும் நாடக ஏடுகளோடும் தீக்கிரையாயிற்று. ஆலென் 1626-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ஆம் தேதி இறைவனடி சேர்ந்தார். நாடகசாலை அழிந்தது; தருமம் நின்றது.

தருமம் நின்றமையாலேயே காகிதங்களும் நின்றன. ஹென்ஸ்லோ 1616-இல் இறந்தபின் அவர் கணக்குகள் ஆலெனிடம் வந்தன. ஆலெனுக்குப்பின் அவை கலாசாலையில் தங்கின. ஷேக்ஸ்பியர் மகாகவியின் கையால் எழுதப்பெற்ற கடிதம் ஒன்றேனும் உலகுக்குக் கிடைத்திலது. அவர் காலத்து நடிகராகிய ஆலெனுடைய கடிதங்களும் உடன்படிக்கைகளும் தினசரிக் குறிப்புக்களும் இன்றும் உள்ளன. அவற்றைக் காத்தது புலமையன்று. கணக்கைப் பத்திரப்படுத்தும் வழக்கமும், அவற்றை வைத்தற்கு ஓர் இடமுமே.

அங்ஙனம் காத்தவற்றுக்கும் பிற்காலத்தில் இரண்டு கேடுகள் விளைந்தன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்மண்டு மலோன் என்னும் ஆராய்ச்சியாளர் இக்காகிதங்களை இரவல் வாங்கிச்சென்று, 1790-இல் பலவற்றை அச்சிட்டார். அவற்றுள் 1598-ஆம் ஆண்டுக்குரிய மேடைப்பொருட் பட்டியல் ஒன்று. பாறை ஒன்று, நரகத்தின் வாய் ஒன்று, யூதனைக் காய்ச்சும் கொப்பரை ஒன்று, பிறர் கண்ணுக்குப் புலப்படாது நடத்தற்குரிய அங்கி ஒன்று என்று அது செல்லும். அதன் மூலம் பின்னர்க் காணாமற்போயிற்று. மலோன் அச்சிட்ட பிரதியே இன்று நமக்குள்ளது. கணக்குப் புத்தகத்திலும் சில துண்டுகள் எவராலோ வெட்டியெடுக்கப்பட்டுப் பல இடங்களிற் சிதறின.

இரண்டாவது கேடு இதனினும் கொடியது. ஜான் பெய்ன் காலியர் என்னும் பெயர்பெற்ற அறிஞர் 1841-இல் ஆலெனுடைய சரித்திரத்தை வெளியிட்டார். ஆலென் மனைவியார் 1603-இல் எழுதிய கடிதம் ஒன்றில் ஷேக்ஸ்பியரைப்பற்றிய செய்தி இருப்பதாக அதில் அச்சிட்டிருந்தார். மூலக் கடிதத்தை நோக்கியோர் அவ்வரிகள் அதில் இல்லையென்று கண்டனர். வேறு சில ஏடுகளில் பழைய எழுத்துப்போலவே புதிய வரிகள் இடைச்செருகப்பட்டிருந்தமையும் வெளிப்பட்டது. 1881-இல் ஜார்ஜ் வார்னர் என்பவர் கலாசாலைச் சுவடிகளுக்கு அட்டவணை வெளியிட்டு, பொய்யானவை இவை இவையென்று பிரித்துக் காட்டினார். மகாகவியின் பெயரைச் சேர்த்தால் ஆலெனுக்குப் பெருமை மிகுமென்று காலியர் எண்ணினார் போலும். விளைந்ததோ, அவர் வெளியிட்ட உண்மையான செய்திகளையும் அறிஞர் ஐயுறும் நிலையே.

பொய் சேராத கணக்கின் வலிமையையும் காண்போம். 1592-இல் ரோஸ் நாடகசாலையைத் திருத்துவதற்குச் செலவிட்ட தொகையை ஹென்ஸ்லோ எழுதிவைத்திருந்தார். 1989-இல் லண்டனில் நிலத்தை அகழ்ந்தபோது அந்நாடகசாலையின் அடித்தளம் வெளிப்பட்டது. முதலிற் கட்டியதும், பின்னர் விரித்துக் கட்டியதும் ஆகிய இரண்டு சுவடுகளும் மண்ணில் தெளிவாயிருந்தன. ஏறக்குறைய 400 ஆண்டு மண்ணுக்குள் கிடந்த கல்லும் மரமும் வெளிவந்து, கணக்குப் புத்தகம் மெய்யென்று சாட்சி கூறின.

அன்பர்களே! நம் குலத்தின் வரலாற்றை எழுதவேண்டுமென்னும் விருப்பம் நம்மில் பலருக்கு உண்டு. அவ்வாறு எழுதப் புகுவோர்க்கு, ஓர் அரசர் பெயரையோ ஒரு பெரும்புலவர் பெயரையோ சேர்த்துக்கொண்டால் சிறப்பாகுமே என்னும் ஆசை எழுவதும் இயல்பு. காலியருடைய கதை அவ்வாசைக்கு மருந்தாகுக. ஒரு வரி பொய் சேர்ப்பின், நம் முன்னோர் மெய்யாகவே செய்த உழைப்பும் ஈந்த கொடையும் உடன் ஐயத்துக்கு ஆளாகும். நடிகரென்று பிறர் இகழ்ந்த ஆலெனுக்குக் கற்பனைப் பெருமை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவர் கணக்கே அவருக்குப் போதுமானதாயிற்று.

ஆடிப் பதினெட்டில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கமும், வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலுள்ள காகிதங்களைக் குப்பையென்று கொளுத்தும் வழக்கமும் நம்மவர்க்கு விளைத்த இழப்பு கொஞ்சமன்று. ஆதலின் ஒவ்வொரு குடும்பத்தாரையும் நாம் வேண்டிக்கொள்வது இது: பற்றுவரவுக் கணக்கு, மொய்க் கணக்கு, சீர்வரிசைப் பட்டியல், நிலப் பத்திரம், ஓலைச்சுவடி, தாய்மாரும் பாட்டிமாரும் எழுதிய கடிதம் ஆகியவற்றுள் வீட்டில் இருப்பவை எவையென்று பட்டியல் எழுதுக. அவற்றின்மேல் ஒரு கோடும் இடாதீர். விளங்காத இடத்தை ஊகித்து நிரப்பாதீர். மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நிழற்படப் பிரதி ஒன்றை எடுத்துவைக்க. இரவல் கொடுத்தால், வாங்கியவர் பெயரையும் தேதியையும் குறித்துவைக்க. டல்லிச் கலாசாலையார் தம் சுவடிகளை இப்பொழுது நிழற்படமாக்கி, கணினி வழியே உலகத்தார் எவரும் காண வைத்துள்ளனர். நம் வீட்டுப் பரணில் இருப்பதை நாம் காண்பதற்கு அத்துணைப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு விடுமுறை நாளும், ஏணி பிடிக்க ஒரு பிள்ளையும் போதும்.