மெக்சிகோ நகரில் ஓர் இந்திய மாணவர்

அம்பத்தூரில் எங்கள் வீட்டில் சில மாதங்களாக ஒரு வாதம் நடந்துவந்தது. என் பேத்தி ஸ்பானிய மொழி பயில மாட்ரிட் மாநகருக்குச் செல்ல விரும்பினாள். அவள் தந்தை தடை சொன்னான். “ஆங்கிலம் ஒன்று போதாதா? அது தெரிந்தால் உலகத்தின் எந்த மூலைக்கும் போகலாமே!” என்பது அவன் கட்சி. நடுவராக இருந்திருக்க வேண்டிய நானும் முதலில் அவன் பக்கமே சாய்ந்தேன். அப்போது அவள் என்னை நோக்கி, “தாத்தா, நம் நாட்டார் எவரும் இதற்கு முன் கடல் கடந்து போய் இந்த மொழியைக் கற்றதில்லையா?” என்று கேட்டாள். அவளுக்கு விடை கூறும் பொருட்டே பழைய நூல்களைப் புரட்டினேன். அங்கே கண்ட ஒருவரின் வரலாறு என்னைக் கட்சி மாறச் செய்துவிட்டது.

நரேந்திரநாத் பட்டாச்சார்யா என்பது அவருடைய இயற்பெயர். 1887-இல் வங்காளத்தில் பிறந்தவர். இளமையிலேயே புரட்சிக் குழுவில் சேர்ந்தவர். முதல் உலகப்போர் மூண்டதும், ஜெர்மானியரிடம் ஆயுதம் பெற்று ஆங்கில ஆட்சியை வீழ்த்தலாம் என்று நம்பி, 1915-இல் தாயகத்தை விட்டுப் புறப்பட்டார். கீழை நாடுகளில் அலைந்து திரிந்தும் ஆயுதம் கிட்டவில்லை. 1916-இல் அமெரிக்காவை அடைந்து, மானவேந்திரநாத் ராய் என்று பெயரை மாற்றிக்கொண்டார். எம். என். ராய் என்று பின்னர் உலகம் அறிந்தவர் அவரே. 1917-இல் அமெரிக்கா ஆங்கிலேயருக்குத் துணையாகப் போரில் இறங்கவே, அங்கிருந்த இந்தியப் புரட்சியாளருக்கு ஆபத்து சூழ்ந்தது. நியூயார்க்கில் கைதாகி வெளிவந்த ராய், மனைவி எவ்லின் டிரெண்டுடன் எல்லை கடந்து மெக்சிகோ நகரம் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 30.

அந்நகரம் எத்தகையது? 1325-இல் ஏரியின் நடுவே ஒரு தீவில் எழுந்தது என்பது அஸ்டெக் மக்களின் மரபு. 1521-இல் ஸ்பானியத் தளபதி கோர்த்தெஸ் அதை வென்றார். பழைய கோயில்கள் தகர்ந்தன. அவற்றின் அருகிலேயே தலைமைத் தேவாலயமும், அதன் முன் அகன்ற சதுக்கமும் அமைந்தன. ராய் அங்கு சென்றபோது, 1910-இல் தொடங்கிய புரட்சியின் புழுதி இன்னும் அடங்கவில்லை. 1917 பிப்ரவரியில்தான் புதிய அரசியல் சட்டம் வெளியாகியிருந்தது. நிலமும் நீரும் அடிப்படையில் தேசத்தின் உடைமை என்றும், தொழிலாளிக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்றும் அச்சட்டம் விதித்தது. இவற்றைப் பற்றிய பேச்செல்லாம் ஸ்பானிய மொழியிலேயே நடந்தது.

ராய் அம்மொழியைக் கற்கத் தொடங்கினார். ஜெர்மானியர் வழங்கிய பணம் அவர் வாழ்க்கைக்கு உதவிற்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஓய்வும் பணமும் உள்ளவரெல்லாம் மாணவராகிவிடுவதில்லை. செய்தித்தாளில் இந்தியாவைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 1918-இல் இந்தியாவின் கடந்த காலம், நிகழ்காலம், வருங்காலம் ஆகியவற்றை விளக்கும் ஒரு நூலை ஸ்பானிய மொழியில் வெளியிட்டார்.

இதன் முக்கியத்துவத்தை எண்ணிப் பாருங்கள். அதுவரை நம் குறைகளை நாம் முறையிட்டதெல்லாம் பெரும்பாலும் நம்மை ஆண்டவனின் மொழியில். குற்றம் சாட்டப்பட்டவனே நீதிபதியாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் அமர்ந்திருந்த வழக்கு அது! ராயோ, அந்த வழக்கை வேறொரு மன்றத்துக்குக் கொண்டுபோனார். அவருக்கு முன்னே அமர்ந்திருந்தவர்கள் நம்மைப் போலவே அன்னியரிடம் தோற்று, மூன்று நூற்றாண்டு அடிமைப்பட்டு, பின்னர் விடுதலை பெற்ற மக்கள். அன்னியன் விட்டுச்சென்ற மொழியிலேயே அவர்கள் தம் உரிமைச் சட்டத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு மொழி முதலில் யாருடையது என்பதைக் காட்டிலும், அதைக்கொண்டு நாம் என்ன எழுதுகிறோம் என்பதே பெரிது என்ற பாடத்தை அந்த நகரத்தினும் தெளிவாக வேறெந்தக் கல்லூரி புகட்டியிருக்கும்?

நாம் வழங்கும் ‘ஜன்னல்’ என்ற சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. ‘மேசை’யும் அவர்கள் தந்ததே, ஸ்பானியரும் அதை ஏறக்குறைய அப்படியே ஒலிக்கின்றனர். நம் குழம்புக்குக் காரம் தரும் மிளகாயின் தாயகமே மெக்சிகோ. இவ்வளவு உறவு இருந்தும், ஆங்கிலம் என்ற ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்த நமக்கு, அந்த நாடு நெடுங்காலம் கண்ணிலேயே படவில்லை.

1919-இல் மெக்சிகோ நகரில் கூடிய சோஷலிஸ்ட் மாநாட்டில் முன்னின்றவர்களுள் ராயும் ஒருவர். அவ்வாண்டின் இறுதியில் அக்கட்சி மெக்சிகோ கம்யூனிஸ்ட் கட்சியாயிற்று. பின்னர் ஒரு ஸ்பானியப் பெயரைப் பூண்டு அவர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். 1920-இல் மாஸ்கோவில் கூடிய உலகக் கம்யூனிஸ்ட் மாநாட்டில், குடியேற்ற நாடுகளின் பிரச்சினை குறித்து லெனினின் கருத்துரையோடு ராயின் துணைக் கருத்துரையும் விவாதத்துக்கு வந்தது. அங்கே அந்த வங்காளி மெக்சிகோவின் பிரதிநிதியாக அமர்ந்திருந்தார்! அதே ஆண்டு அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஒன்றை நிறுவியபோது, தலைவராக இருந்தவர் நம் சென்னையில் பிறந்த எம். பி. டி. ஆச்சாரியார்.

பின்னாளில் ராய் கம்யூனிஸ்டு அகிலத்திலிருந்து விலக்கப்பட்டார். இந்தியா திரும்பி ஆங்கிலேயரின் சிறையில் வாடினார். இறுதியில் கட்சி அரசியலையே துறந்து, மனிதனின் சுதந்திரமே முதன்மை என்ற கொள்கைக்கு வந்தார். அவர் கொண்ட முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் தம் சிந்தனை மறுபிறப்பு எடுத்த நாடு மெக்சிகோவே என்று அவர் கருதியதை நாம் மறத்தலாகாது.

ராய் மறைந்தது 1954 ஜனவரியில். சரியாக ஓராண்டு கழித்து, எங்கள் அம்பத்தூரிலிருந்து மூன்றாவது ரயில் நிலையமான ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே நோக்கம் என்று அங்கே தீர்மானித்தார்கள். தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு அந்தக் கூட்டத்தைக் காணச் சென்ற சிறுவன் நான். அந்தச் சொல் இங்கிலாந்திலிருந்து நேரே நம்மிடம் வந்தது என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். ஓர் இந்தியர் அதை மெக்சிகோ நகரில் ஸ்பானிய மொழியில் பேசிப் பழகி முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்த வரலாற்றை ஓரிரவு என் மகனிடம் கூறினேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, “ராய்க்குத் திரும்பிவரப் பதினைந்து ஆண்டுகள் ஆயினவே, அப்பா” என்றான். அவனுடைய அச்சம் மொழியைப் பற்றியதன்று என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அதற்கு என்னிடம் விடை இல்லை. மறுநாள் காலை அவனே மகளை அழைத்து, பயணத்துக்கு வேண்டிய தாள்களை எடுத்து வரச் சொன்னான்.