யவனர் தேறலும் நக்கீரர் நாவும்

மது தீப்பற்றி எரியுமா? வெடிமருந்து நெடி பழகிய சிவகாசியில் நாம் கேட்கத்தக்க கேள்விதான். இத்தாலியின் பலேர்னிய மது ஒன்றே அவ்வாறு எரியும் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதினார். அம்மது விளைந்த கம்பானியாப் பகுதியின் எரிமலைக் கருமணல் கலந்த மதுச்சாடித் துண்டுகள் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. சாடி மிஞ்சியது, சுவை?

பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும் புறநானூற்று 56ஆம் பாட்டில், யவனர் கொணர்ந்த தேறலுக்குக் குளிர்ச்சியும் நறுமணமுமே நக்கீரர் தரும் அடையாளம். மதுவின் வேகத்தை அவர் பேசவில்லை. வகுப்பில் நாமோ 'கள்' என்று பொருள் கூறிக் கடந்துவிடுகிறோம். கடல் கடந்து வந்த மதுவுக்குத் தமிழ்ப் புலவர் ஒருவர் அளித்த சான்றல்லவா அது? அகழாய்வு தர இயலாததைப் பாட்டு தருகிறது.