யார் சொன்ன காரணம்? தமிழகத் தற்கொலை ஆய்வுகளில் உறவினர் வாய்மொழியும் சமூக மனப்பாங்கும் (1965–2010)

ஆய்வுச் சுருக்கம்

தற்கொலையின் இடர்க்காரணிகளைத் தேடும் உளவியல் ஆய்வுகள், இறந்தவரைப் பற்றி உறவினர் கூறும் செய்திகளைப் பெரிதும் சார்ந்துள்ளன. அக்கூற்றோ ஆய்வாளர் வீட்டுவாசலை அடையும் முன்பே சட்டம், காவல்துறை விசாரணை, குடும்ப மானம் ஆகியவற்றால் வடிவம் பெற்றுவிடுகிறது. ஆகவே சமூக மனப்பாங்கு என்பது இடர்க்காரணி ஆய்வுக்குப் புறத்தே நிற்கும் தனிப்பொருள் அன்று; அவ்வாய்வின் தரவுக்குள்ளேயே இருப்பது. இக்கட்டுரை மதுரை, சென்னை, வேலூர் ஆய்வுகளை இந்நோக்கில் மீள வாசிக்கிறது.

திறவுச்சொற்கள்: தற்கொலை, உளவியல் உடற்கூறாய்வு, இடர்க்காரணி, சமூக மனப்பாங்கு, 309ஆம் பிரிவு

முன்னுரை

தமிழில் தற்கொலை பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பலவும் வடக்கிருத்தலிலிருந்து தொடங்குவது வழக்கம். கோப்பெருஞ்சோழனின் முடிவு ஊரறிய, சான்றோர் சூழ நிகழ்ந்தது. அதன் காரணம் மறைக்கப்படவில்லை, பாடப்பட்டது. இங்கு எடுத்துக்கொள்ளப்படும் சாவுகள் வேறு இயல்பின. அவற்றின் காரணம் தாழ்ந்த குரலில் பேசப்படுவது. கேட்பவர் யார் என்பதற்கேற்ப மாறுவது. ஆதலின் அத்தொடக்கம் இங்கு உதவாது.

எமில் டர்க்கைம் 1897இல் வெளியிட்ட நூல் அரசுப் புள்ளிவிவரங்களின் மீது எழுப்பப்பட்டது. அப்புள்ளிவிவரங்களை அலுவலர்கள் எவ்வாறு உருவாக்குகின்றனர் என்ற வினாவை 1967இல் ஜாக் டக்ளஸ் எழுப்பினார். ஒரு சாவைத் தற்கொலை என வகைப்படுத்தும் செயலிலேயே அலுவலரின் முன்கருத்தும் குடும்பத்தின் முயற்சியும் கலந்துவிடுகின்றன என்பது அவர் வாதம். அவ்வாதம் அலுவலரை நோக்கியது. அலுவலரை நம்பாது தாமே நேரில் சென்று கேட்ட ஆய்வாளர்க்கும் அது பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

பிணவறையிலிருந்து நோயறிதலுக்கு

லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட மரண விசாரணை அலுவலகத்தில் இறந்தோர் விட்டுச்சென்ற கடிதங்கள் கோப்புகளில் கிடப்பதை 1949இல் எட்வின் ஷ்னைட்மன் கண்டார். அவரும் நார்மன் ஃபார்பரோவும் இராபர்ட் லிட்மனும் இணைந்து 1958இல் அந்நகரில் தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவினர். விபத்தா, தற்கொலையா எனத் துணிய இயலாத சாவுகளில் உதவுமாறு மரண விசாரணை அதிகாரி தியோடர் கர்ஃபி இவர்களை நாடினார். இறந்தவரின் கடைசி நாள்களை உற்றார் உறவினரின் வாய்மொழி கொண்டு மீட்டமைக்கும் முறைக்கு ‘உளவியல் உடற்கூறாய்வு’ என ஷ்னைட்மன் பெயரிட்டார். இம்முறையின் முதல் நோக்கம் சாவின் தன்மையைத் துணிவதே. இறந்தவருக்கு என்ன நோய் என்று கூறுவதன்று.

நோயறியும் நோக்கம் வேறொரு நகரிலிருந்து வந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் ராபின்ஸ் குழுவினர் 134 தற்கொலைகளை ஆராய்ந்து, இறந்தோரில் 94 விழுக்காட்டினர் மனநோயுற்றிருந்தனர் என 1959இல் அறிவித்தனர். இங்கிலாந்தில் பாராக்ளஃப் குழுவினர் 100 பேரை ஆராய்ந்து 1974இல் தந்த அளவு 93 விழுக்காடு. இவ்விரண்டு எண்களும் உளமருத்துவப் பாடநூல்களில் ஏறத்தாழ விதியாகவே நிலைபெற்றன. பாராக்ளஃபின் ஆய்வு, இங்கிலாந்தில் தற்கொலை குற்றமாகாது என 1961ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்த பின்னர் நடந்தது. அவருக்கு விடையளித்த குடும்பத்தினர் ஒரு குற்றவாளியின் குடும்பத்தினராக அமர்ந்திருக்கவில்லை. அதே முறை இந்தியாவுக்கு வந்தபோது இச்சூழல் உடன்வரவில்லை.

சட்டத்தின் நிழல்

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சி 309ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரையிலான வெறுங்காவலுக்குரிய குற்றம். இறந்தவரைச் சட்டம் தண்டிக்க இயலாது; ஆனால் தூண்டியவரை 306ஆம் பிரிவு தேடும். 1983இல் செய்யப்பட்ட திருத்தங்கள் இத்தேடலைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தன. 498அ பிரிவு சேர்க்கப்பட்டதும், திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் தற்கொலையால் இறந்தால் நடுவர் விசாரணை கட்டாயமானதும் அப்போதுதான். வரதட்சணைச் சாவு குறித்த 304ஆ பிரிவு 1986இல் வந்தது. தமிழகத்தில் ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ என்று ஊரார் கூறுவது இதனையே.

பெண்களைக் காக்க வந்த இச்சட்டங்களின் தேவையை இங்கு எவரும் மறுக்க இயலாது. எனினும் அவற்றால் இறந்த பெண்ணைப் பற்றிப் பேசவல்லோர் இரு தரப்பாயினர். கணவன் வீட்டார் சொல்லும் ‘அவளுக்கு எப்போதும் மனநிலை சரியில்லை’ என்ற சொற்றொடர் ஒரு நோய்க்குறிப்பு மட்டுமன்று, ஒரு தற்காப்பு வாதமும் ஆகும். பிறந்த வீட்டார் சொல்லும் ‘எங்கள் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை’ என்பதும் அவ்வாறே ஒரு குற்றச்சாட்டு. நேர்காணல் படிவத்தில் முதற்கூற்று ‘மனநோய் உண்டு’ என்றும், இரண்டாவது ‘இல்லை’ என்றும் பதிவாகும். இறந்தவர் ஒருவரே, நோயறிதல் இரண்டு.

மதுரை, சென்னை, வேலூர்

மதுரை எர்ஸ்கின் மருத்துவமனையில் தற்கொலை முயற்சிக்காகச் சேர்க்கப்பட்ட 114 பேரைப் பற்றி ஏ. வெங்கோபராவ் 1965இல் எழுதிய கட்டுரை தமிழக ஆய்வுகளுள் முன்னோடியானது. இன்று அரசு இராசாசி மருத்துவமனை எனப்படும் அங்கு விடையளித்தோர் உயிர்பிழைத்தவர்கள். அதாவது 309ஆம் பிரிவு யாரைக் குறிவைத்ததோ அவர்களே. மருத்துவரிடம் கூறுவது வழக்கில் முடியுமோ என்ற அச்சம் அப்படுக்கைகளைச் சூழ்ந்திருந்தது எனக் கருத இடமுண்டு. இந்நிலையிலும் அவர்கள் வாய்மொழியை வெங்கோபராவ் தொகுத்தார் என்பதே அக்கட்டுரையின் வரலாற்று மதிப்பு.

அடுத்து இரு ஆய்வுகள் ஒப்பிடத்தக்கவை. 1986இல் சினேகா அமைப்பைத் தொடங்கிய லட்சுமி விஜயகுமார், எஸ். ராஜ்குமாருடன் இணைந்து சென்னையில் நிகழ்ந்த 100 தற்கொலைகளை 100 ஒப்பீட்டு நபர்களுடன் வைத்து ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார். இறந்தோரில் 88 விழுக்காட்டினர்க்கும் ஒப்பீட்டுக் குழுவினரில் 14 விழுக்காட்டினர்க்கும் மனநோய் கண்டறியப்பட்டது. வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி வட்டாரத்தில் மனோரஞ்சிதம் குழுவினர் அதே எண்ணிக்கையில் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்விலோ இறந்தோரில் மனநோயர் 37 விழுக்காட்டினரே. அங்கு முன்னின்ற காரணிகள் தொடரும் நெருக்கடியும் நாட்பட்ட உடல்வலியும்.

நகரம், கிராமம், காலம் என்னும் வேறுபாடுகள் இவ்விடைவெளியின் ஒரு பகுதியை விளக்கும். முழுவதையும் விளக்கா. வேலூரின் 37 விழுக்காட்டில் 15, ‘இசைவாக்கக் கோளாறு’ என்னும் வகையைச் சார்ந்தது. ஒரு நெருக்கடி நிகழ்வு இருந்தாலன்றி இவ்வகையைச் சுட்ட இயலாது, வரையறையே அத்தகையது. கடன்காரர் வாசலில் நின்றதையோ, காதல் முறிந்ததையோ குடும்பம் சொல்லாமல் விட்டால் நோயும் இல்லாமற் போகிறது. மறைத்தல் இங்குத் தரவைக் குறைப்பதோடு நில்லாமல் நோயறிதலையே மாற்றிவிடுகிறது.

ஒப்பீட்டுக் குழு பற்றியும் ஒன்று கூறவேண்டும். இரு தமிழக ஆய்வுகளிலும் ஒப்பிடப்பட்டோர் உயிருடன் இருப்பவர்கள். அவர்கள் வீட்டில் துக்கமும் இல்லை, விசாரணையும் இல்லை. சீனாவில் பிலிப்ஸ் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு 519 தற்கொலைகளைப் பிற காயங்களால் இறந்த 536 பேருடன் ஒப்பிட்டது. குடும்பத்தினரோடு நெருங்கிப் பழகியோரையும் கேட்டது. இருபுறமும் இழந்தோரே விடையளித்தனர். அங்குக் கிடைத்த மனநோய் அளவு 63 விழுக்காடு. இவ்வடிவமைப்பு தமிழகத்துக்கு மிகவும் தேவைப்பட்டது என்பது என் கருத்து.

கேட்பவர் மாறினால்

கணியம்பாடியின் தனிச்சிறப்பு பிறிதொன்று. அங்குச் சாவுகளைப் பதிந்தது காவல்நிலையமன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூகநலப் பிரிவு. ஊரிலேயே வாழும் சுகாதாரப் பணியாளர் செவிலியரிடமும், செவிலியர் மருத்துவரிடமும் செய்தி சேர்த்தனர். இவ்வழியில் 1994 முதல் 1999 வரையிலான சாவுகளை ஆராய்ந்த ஜோசப் குழுவினர், ஆண்டுக்கு இலட்சம் பேருக்கு 95.2 தற்கொலைகள் என 2003இல் அறிவித்தனர். அதே காலத்தில் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் நாடு முழுமைக்கும் தந்த அளவு ஏறத்தாழ 11. ஒரு வட்டாரத்தை நாட்டோடு ஒப்பிடுவது முறையன்று எனலாம். ஆயின் இறந்தோர் வீடுகளில் கேட்டறியும் முறையை நாடு தழுவிப் பயன்படுத்திய ஆய்வும், 15 வயதுக்கு மேற்பட்டோரில் 2010இல் 1,87,000 தற்கொலைச் சாவுகள் என மதிப்பிட்டது. காவல்துறைக் கணக்கு ஏறத்தாழ 1,35,000. அந்தப் பணியாளர் இழவு வீட்டுக்குப் புதியவரல்லர். பிரசவம் பார்த்தவர், தடுப்பூசிக்கு அழைத்தவர். அவர் கேட்டதும் காவலர் கேட்டதும் ஒரே வினாவாயினும் விடை ஒன்றாயிருக்க வேண்டியதில்லை.

‘தீராத வயிற்றுவலி’

தமிழ் நாளிதழ் வாசகர் அனைவரும் அறிந்த தொடர் இது. இதனைக் காவல்நிலையத்துக்கு ஏற்ற சொல் எனலாம்: எவர்மீதும் பழி சுமத்தாது, எவரையும் விசாரணைக்கு இழுக்காது, குடும்ப மானத்தைக் குலைக்காது. உறவினருக்கும் எழுதும் காவலருக்கும் கோப்பை முடிக்க உதவுவது. இதனை வெறும் மூடுதிரை என ஒதுக்கிவிடும் போக்கு நம் கல்விப்புல உரையாடல்களில் உண்டு.

கணியம்பாடி ஆய்வு அவ்வெளிய முடிவைத் தடுக்கிறது. நாட்பட்ட வலி அங்கு ஒப்பீட்டுக் குழுவோடு வைத்து நோக்கியபோதும் இடர்க்காரணியாக நின்றது. மருத்துவம் கிட்டாத வலி, வலி என்றே வெளிப்படும் மனச்சோர்வு, எவர் பெயரையும் சொல்லாதிருக்க உதவும் வலி ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் தங்கியிருக்கின்றன. படிவத்தில் இதற்கு ஒரு கட்டமே உண்டு. அச்சொல்லை மெய்யென்றோ பொய்யென்றோ தீர்ப்பதற்கு முன், எந்த வீட்டில், யாரிடம், எத்தனையாவது முறையாக அது சொல்லப்பட்டது என்று கேட்பதே வரலாற்று மாணவர் செய்யத்தக்க பணி.

மனப்பாங்கு என்னும் தனிவழி

மனப்பாங்கு ஆய்வு இதற்கிடையில் தனித்துறையாக வளர்ந்தது. சென்னை, வியன்னா நகரங்களின் மருத்துவ மாணவரிடையே தற்கொலை பற்றிய மனப்பாங்கை ஒப்பிட்ட ஆய்வு 1998இல் வெளியானது. சென்னை மாணவரிடம் மறுப்பு மனப்பாங்கே மேலோங்கியிருந்தது. அவ்வாய்வின் ஆசிரியருள் லட்சுமி விஜயகுமாரும் ஒருவர். அடுத்த ஆண்டில் வெளியான சென்னை இடர்க்காரணி ஆய்வும் அவருடையது. ஒன்று நேர்காணல் செய்யும் தொழிலுக்கு வரவிருப்போரின் மனத்தை அளந்தது. மற்றொன்று நேர்காணலின் விளைவை அளந்தது. இவ்விரண்டும் ஒரே வாசிப்பில் இணைக்கப்படாமல் போனதற்கு ஆய்வாளரைக் காட்டிலும் துறைப் பிரிவினையே பொறுப்பு.

309ஆம் பிரிவு 1994இல் பி. ரத்தினம் வழக்கில் செல்லாதென அறிவிக்கப்பட்டு, 1996இல் கியான் கவுர் வழக்கின் தீர்ப்பால் மீண்டும் உயிர்பெற்றது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகக் கொண்டு தண்டனையைத் தவிர்த்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பிரிவு பொதுக்குற்றமாக இடம்பெறவில்லை. அரசு ஊழியரை வற்புறுத்தும் நோக்குடன் செய்யப்படும் முயற்சி மட்டும் குற்றமாக எஞ்சியுள்ளது. ஆனால் தூண்டுதல் குற்றமும், ஏழாண்டு விதியும் புதிய சட்டங்களிலும் தொடர்கின்றன. முயன்று பிழைத்தவர் இனி அச்சமின்றிப் பேசலாம். இறந்தவரின் உறவினர் இன்னும் அந்நிலைக்கு வரவில்லை. எனவே 2024க்குப் பின் தொகுக்கப்படும் நேர்காணல்களில் தகவலாளர் கணவரா, தாயா, அண்டைவீட்டாரா, விசாரணை முடிந்துவிட்டதா, நேர்காணலின்போது அறையில் வேறு யார் இருந்தனர் என்பவையும் இறந்தவரின் வயது, பாலினத்தோடு அதே அட்டவணையில் இடம்பெற வேண்டும்.