காத்தவராயன் கூத்து: கதை சொல்லும் மரபு

காத்தவராயன் கூத்து என்பது யாழ்ப்பாணக் குடாநாட்டில், சிறப்பாக வடமராட்சியில், மாரியம்மனுக்குரிய நேர்த்தியாக இரவிரவாக ஆடப்பட்டுவரும் நாட்டுக்கூத்தாகும். தாளக்கட்டுகள் மிகுந்த வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலிருந்து வேறுபட்டு, சிந்து மெட்டில் அமைந்த பாடலுக்கேற்ப முன்னும் பின்னுமாகத் துள்ளி நடக்கும் எளிய ஆட்டத்தைக் கொண்டிருப்பதால், இது சிந்துநடைக் கூத்து எனவும் வழங்கும்.

மாரியின் மகனான காத்தவராயன் உயர்குலத்து ஆரியமாலையை விரும்புவதும், தாய் தடுப்பதும், தோழன் சின்னானின் துணையோடு அவன் தடைகளைக் கடந்து இறுதியில் கழுமரம் ஏறுவதுமே கதையாகும். நாயகனின் வெவ்வேறு பருவங்களை வெவ்வேறு கலைஞர்கள் ஏற்று ஆடுவது இதன் தனிச்சிறப்பாகும். முன்காத்தான் ஆடி விட்ட இடத்திலிருந்து பின்காத்தான் கதையை எடுத்துச் செல்வான். முகம் மாறினாலும் பாத்திரம் மாறவில்லை என்பதைச் சபையோர் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கின்றனர்.

ஒரு தடை தீர்ந்ததும் அடுத்த தடை எழும் இவ்வமைப்பு நெடுந்தொடர்களுக்கும் உரியது. 2015 முதல் 2022 வரை பிலிப்பைன்ஸில் ஒளிபரப்பான ‘அங் ப்ரொபின்சியானோ’ என்ற அதிரடித் தொடரில், நாயகனான காவலர் கார்டோ சாவின் விளிம்புவரை சென்று மீண்டும் மீண்டும் உயிர்தப்பினான். அவன் பிழைப்பானா என்ற ஐயமே கதையை நகர்த்தியது. காத்தான் கூத்திலோ கழுமரம் வரும் என்பதைச் சபை முன்பே அறியும். முடிவு தெரிந்த கதையை விடியும்வரை விழித்திருந்து பார்க்கச் செய்வதே இக்கூத்து மரபின் பெருவலிமையாகும்.