வெளிச்சம் நமக்கு, சாம்பல் யாருக்கு?



காற்றுத் தூய்மைக்கேடு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது புகைமூட்டம்தான். 1997-இல் நாடே மூச்சுத் திணறியது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. அதன் பிறகும் 2013, 2015, 2019 என்று அது விடாமல் வந்தது. தொலைக்காட்சித் துறையில் இருப்பதால் ஓர் உண்மையைச் சொல்கிறேன். புகைமூட்டத்தைப் படம் பிடிப்பது எளிது. இரட்டைக் கோபுரம் மறைந்துவிட்டால் அதுவே அன்றைய தலைப்புச் செய்தி. ஆனால், கேமராவில் விழாத புகையும் நம் மண்ணில் உண்டு. அதன் வரலாறு நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதுதான் நிலக்கரிப் புகை.

கல்லாய்க் கிடந்த கரி

மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல், 'ஆராங்' என்றால் கரி. நம் காஜாங்கில் சாத்தே வாட்டும் மரக்கரியும் ஆராங்தான். ஆனால், ரவாங்கிற்கு அருகே பூமிக்கடியில் கிடந்ததோ கல்லாய் இறுகிய கரி. அதனாலேயே அந்த ஊருக்குப் பத்து ஆராங் என்று பெயர்.

1908 வாக்கில் அங்கே நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. கோலாலம்பூரின் பெரும் முதலாளிகளில் ஒருவரான ஜே.ஏ. ரஸ்ஸல் முன்னின்று அமைத்த மலாயன் காலியரீஸ் நிறுவனம் 1915-இல் கரி வெட்டத் தொடங்கியது. குவாங்கிலிருந்து பத்து ஆராங்கிற்குத் தனி இரயில் பாதையே போடப்பட்டது. அந்தக் கரியில் இரயில்கள் ஓடின. ஈயச் சுரங்க இயந்திரங்கள் இயங்கின. 1927-இல் பங்சாரில் மின்நிலையம் எழுந்தபோது அதன் கொதிகலன்களுக்கும் அங்கிருந்துதான் கரி வந்தது. அன்றைய கோலாலம்பூரின் மின்விளக்குகள் பத்து ஆராங் கரியில்தான் எரிந்தன என்றால் அது மிகையாகாது.

சுரங்கத்தில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். இந்தியர்களும் மலாய்க்காரர்களும் உடன் உழைத்தனர். சுரங்கத்திலிருந்து வெளியே வந்த கரியைத் தொட்டவர்களில் நம்மவர்கள் ஏராளம். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பிலும் செந்தூல் பட்டறையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். நீராவி இன்ஜினில் கரி அள்ளிப் போட்ட கைகளிலும், தண்டவாளம் போட்ட கைகளிலும் தமிழர் கைகள் எத்தனை!

பத்து ஆராங் கரி ஈரம் மிகுந்தது. குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றிக் கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. சுரங்கத்திற்குள் மண் சரியும் ஆபத்து, தீ ஆபத்து, இவற்றோடு ஓயாத கரித்தூசி. நிலக்கரித் தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரல் கறுத்துத் தழும்பேறிப் போகும். படியேறவும் மூச்சு வாங்கும். இழந்த மூச்சைத் திருப்பித் தர மருந்தே இல்லை. பிரிட்டனில் இதை நிலக்கரித் தொழிலாளர் நோய் என்று ஏற்று இழப்பீடு தரத் தொடங்கியதே 1943-இல்தான். அங்கேயே அப்படி என்றால், இங்கே மலாயாவில் குத்தகைக்காரரின் கீழ் வேலை செய்தவரின் இருமலை யார் கேட்டிருப்பார்கள்?

நின்றது சுரங்கம், நடுங்கியது அரசு

1936 இறுதியிலும் 1937 மார்ச்சிலும் பத்து ஆராங் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். கூலியை உயர்த்த வேண்டும், குத்தகைக்காரர் முறை ஒழிய வேண்டும் என்பவை அவர்களின் முக்கியக் கோரிக்கைகள். 1937 மார்ச்சில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டனர். பிரிட்டிஷ் ஆட்சி போலீசையும் படையையும் அனுப்பி அதை மீட்டது. ஓர் உயிரும் பலியானது.

ஒரு சுரங்கத்திற்காக ஏன் இத்தனை பதற்றம்? கரி நின்றால் இரயில் நிற்கும், மின்சாரம் நிற்கும், ஈயம் நிற்கும். தங்கள் வாழ்வு யாருடைய முதுகின் மேல் ஓடுகிறது என்பதைத் துரைமார்கள் உணர்ந்த நாள்கள் அவை.

லண்டன் கற்றது, கிள்ளான் பெற்றது

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரம் நிலக்கரிப் புகையில் மூழ்கியது. பட்டப்பகலில் பேருந்துக்கு முன்னால் விளக்குப் பிடித்து நடக்க வேண்டிய நிலை. சுமார் 4,000 பேர் மாண்டதாக அப்போது கணக்கிட்டனர். பிந்திய ஆய்வுகள் அதை 12,000 வரை உயர்த்தின. இறந்தவர்களில் முதியோரும் குழந்தைகளும் ஏற்கெனவே நெஞ்சுச் சளியால் அவதிப்பட்டவர்களும் அதிகம். அதன் விளைவாக 1956-இல் அங்கே தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

லண்டன் மூச்சுத் திணறிய மறு ஆண்டே, அதாவது 1953-இல், கிள்ளானில் கன்னாட் பிரிட்ஜ் மின்நிலையம் திறக்கப்பட்டது. அதுவும் தொடக்கத்தில் நிலக்கரி எரித்த நிலையம்தான். நிலக்கரிப் புகை எத்தகையது என்று ஆட்சியாளர்களுக்கு இலண்டனிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அங்கே சட்டம் வந்த காலத்தில் இங்கே புகைபோக்கி வந்தது.

பிறகு மலிவான எண்ணெய் வந்தது. 1957 முதல் டீசல் இன்ஜின்கள் நீராவி இன்ஜின்களை ஓரங்கட்டின. 1960-இல் பத்து ஆராங் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது, ஊர் சுருங்கியது. கரி வெட்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து குளங்களாயின. பழைய செங்கல் புகைபோக்கிகள் மட்டும் செடிகொடிகளுக்கு நடுவே நின்றன. எத்தனை டன் கரி வெட்டினார்கள் என்று நூல்களில் படிக்கலாம். எத்தனை பேர் மூச்சிரைப்போடு வீடு திரும்பினார்கள் என்பதை எந்த நூலில் தேடுவது?

மறுபடியும் கரி

1970-களில் எண்ணெய் விலை விஷம் போல் ஏறியது. எண்ணெயை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 1981-இல் அரசாங்கம் நான்கு எரிபொருள் கொள்கையை வகுத்தது. எண்ணெய், எரிவாயு, நீர்மின்சாரம் ஆகியவற்றோடு நிலக்கரியும் அதில் சேர்ந்தது. அப்படித்தான் 1980-களின் பிற்பகுதியில் கிள்ளானை அடுத்த காப்பாரில், சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையத்தில் மீண்டும் நிலக்கரி எரியத் தொடங்கியது. எரிவாயுப் பிரிவுகளையும் சேர்த்து அதன் மொத்தத் திறன் 2,420 மெகாவாட் வரை வளர்ந்தது. பின்னர் மஞ்சோங், தஞ்சோங் பின், ஜிமா என்று வரிசையாக நிலக்கரி நிலையங்கள் எழுந்தன. இம்முறை கரி வந்தது பத்து ஆராங்கிலிருந்து அல்ல. இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில். 2020-களிலும் தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்தே பிறந்தது.

காப்பார் என்றால் நமக்கு அந்நியமா? தோட்டங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் நிறைந்த மண் அது.

நிலக்கரி எரியும்போது கந்தக வாயு, நைட்ரஜன் வாயுக்கள், கரியமில வாயு, பாதரசம், சாம்பல் ஆகியவை வெளிப்படுகின்றன. இவற்றில் ஆபத்தானது நுண்தூசி. தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு அதைத் தடுக்காது. அது நுரையீரலின் அடி வரை சென்று இரத்தத்தில் கலக்கிறது. ஆஸ்துமா, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றுக்கு வழி வகுக்கிறது. பாதரசமோ நீரில் கலந்து மீனில் சேர்ந்து, கர்ப்பிணியின் உணவு வழியாகக் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்க வல்லது.

நியாயமாகப் பேச வேண்டும். இன்றைய நிலையங்களில் சாம்பலைப் பிடிக்கும் கருவிகள் உள்ளன. பெரும்பகுதியை அவை பிடித்தும் விடுகின்றன. 2014-இல் வந்த தூய காற்று விதிமுறைகள் தூசி, கந்தக வாயு, பாதரசம் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு விதித்தன. ஆனால், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நுண்தூசிக்கான ஆண்டுச் சராசரி அளவை ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5-ஆகக் குறைத்தது. நமது நாட்டின் 2020-ஆம் ஆண்டுத் தரமோ 15. பாதுகாப்பு என்ற சொல்லுக்கே மூன்று மடங்கு வேறுபாடு!

இன்னொரு சிக்கலும் உண்டு. கிள்ளானில் மூச்சிரைக்கும் ஒரு பிள்ளையைக் காட்டி, "இது நிலக்கரியால் வந்தது" என்று எந்த மருத்துவராலும் விரல் நீட்ட முடியாது. லாரிப் புகை, தொழிற்சாலைப் புகை, புகைமூட்டம் எல்லாம் கலந்த காற்று அது. எல்லாருடைய புகையும் கலந்துவிட்டால் யாருமே பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது.

தமிழகத்திலும் இதே கதைதான். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 1970-இல் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆனால், அருகிலுள்ள வடசென்னை நிலையத்தின் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து, மீனவர்களின் பிழைப்பையே கெடுத்தது. நிலையத்தை மூடலாம்; கொட்டிய சாம்பல் தானாக எழுந்து போகாது.

இந்த முறையாவது கணக்கு வைப்போம்

இனிப் புதிய நிலக்கரி நிலையம் கட்டப்படாது என்று 2021-இல் நம் அரசாங்கம் அறிவித்தது. 2035-க்குள் நிலக்கரி நிலையங்களைப் பாதியாகக் குறைத்து, 2044-க்குள் முழுவதும் மூடுவது என்ற இலக்கை 2024-இல் துணைப் பிரதமர் ஃபடில்லா யூசோப் எடுத்துரைத்தார். வரவேற்கிறோம். ஆனால், பத்து ஆராங்கை மூடியது போல் மூடிவிடக் கூடாது.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, புகைபோக்கியில் பொருத்திய அளவுக் கருவி என்ன சொல்கிறது என்பதை, தினசரிக் காற்றுக் குறியீட்டைப் பார்ப்பது போல் காப்பாரில் உள்ள ஒரு தாய் கைப்பேசியில் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு, நிலையம் மூடப்படும்போது சாம்பல் குளங்களை யார் சுத்தம் செய்வது, எத்தனை ஆண்டு கண்காணிப்பது, அங்கே வேலை செய்தவர்களுக்கு அடுத்த வேலை என்ன என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது நம் கடமை. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நீராவி இன்ஜின் ஓடிய நாள்களைக் கண்ட பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்யுங்கள். தொலைக்காட்சி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் கைப்பேசியே போதும்.

நாம் இங்கே காஜாங்கில் விசையைத் தட்டினால் விளக்கு எரிகிறது. அது எந்த நிலையத்து மின்சாரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கம்பியில் கலந்து வருகிறது. ஆனால், சாம்பல் எந்த ஊரில் விழுகிறது என்று சொல்ல முடியும். அந்த ஊர்க்காரர்களின் கேள்வியை நம் கேள்வியாகவும் கேட்போம்.